கரும்பு எப்போது இரும்பாகும்?

குழந்தைகளே, முதலில் ஒரு விளையாட்டு. எழுதிப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டும். 'கரும்பு' என்று சொல்லுங்கள். அதில் 'க'வை எடுத்துவிட்டு 'இ'யை வையுங்கள். இரும்பு! 'இ'யை எடுத்துவிட்டுத் 'து' வைத்தால் துரும்பு. 'வி' வைத்தால் விரும்பு. 'அ' வைத்தால் அரும்பு.

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்து வளர்கிற வடக்கனந்தல் பிள்ளைகளுக்குக் கரும்பைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. தோகை எப்படிக் கையை அறுக்கும், நுனியைவிட அடிக்கரும்பு ஏன் ருசி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் மேலே சொன்ன விளையாட்டை வகுப்பில் ஆடிப் பார்த்தால், நாற்பது பேரில் இரண்டு மூன்று பேர் திணறுவார்கள். கரும்பு என்ற பொருள் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை வாய் தடுமாறாமல் பேசவும் தெரியும். அதை க, ரு, ம், பு என்று ஒலித்துண்டுகளாக உடைத்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதுதான் பிடிபடாது.

இதே பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் புத்தகம் வாசிப்பதும் பெரும்பாடாக இருக்கும். வாசிப்பதற்குள்ளே இந்த உடைத்து மாட்டும் வேலை ஒளிந்திருக்கிறது. அந்த வேலை பிடிபடாமல் வாசிப்பு பெரும்பாடாவதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு என்றும் சொல்வார்கள். கணக்கெடுக்கும் முறைக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும் என்றாலும், நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

பேச்சு நமக்குத் தானாக வந்தது. அம்மா பேசினாள், பாட்டி பேசினாள், நாமும் பேசினோம். யாரும் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பேசக் கற்றுத்தரவில்லை. எழுத்து அப்படி இல்லை. உலகத்தில் எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற ஊர் இருக்கிறதே, அங்கே அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பாறையில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்குச் சுமார் இரண்டாயிரம் வயது. நமக்கு அது மிகப் பழையது. மனித மூளை உருவாகி வந்த கால அளவில் அது நேற்று நடந்தது.

அதனால் வாசிப்பதற்கென்று பிறவியிலேயே மூளையில் ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. நாம் படிக்கப் பழகும்போது, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதியில் ஒரு சிறு இடத்தை மூளை எழுத்துக்கு எடுத்துக்கொள்கிறது. இடது காதுக்குப் பின்னே, மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். அதை ஒலிகளைக் கவனிக்கும் பகுதியோடும், பொருள் அறியும் பகுதியோடும் நரம்பிழைகளால் இணைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் 'அ, ஆ' சொல்லத் தொடங்கியபோது உங்கள் மண்டைக்குள் நடந்தது இந்த வேலைதான்.

சிலருக்கு இந்த இணைப்பு வேறு விதமாக அமைகிறது. கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைக்குத் தார்ச்சாலையில் பேருந்தில் போவதும், ஒற்றையடிப் பாதையில் நடந்து ஏறுவதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஒன்றுதான், நேரமும் களைப்பும் வேறு. 2001-இல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களை வாசிக்கச் சொல்லி, விஞ்ஞானிகள் அவர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். மொழி மூன்றாக இருந்தும், மூளையின் இடது பக்கத்தில் ஒரே பகுதிதான் மூன்று மொழிக்காரர்களிடத்திலும் குறைவாக வேலை செய்தது. ஆக, இது சோம்பலால் வருவதில்லை. கண் கோளாறும் இல்லை. அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1896-ஆம் ஆண்டு. அவரிடம் வந்தவன் பெர்சி என்ற 14 வயதுப் பையன். விளையாட்டில் கெட்டி, பேச்சில் சுட்டி. ஏழு வயதிலிருந்து ஆசிரியர்கள் பாடாய்ப் பட்டுச் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சின்னச் சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரை எழுதச் சொன்னபோது 'பெர்சி' என்பதன் எழுத்துகளை இடம் மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தப்பு அவன் கண்ணில் பட்டது. அதே பையனிடம் மார்கன் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னார். வேகமாகவும் சரியாகவும் பெருக்கிவிட்டான்! நீங்களும் ஒரு தாளில் பெருக்கிப் பாருங்கள். விடை 6,49,383. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் எழுதி வைத்திருக்கிறார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியர் சரியாகக் கவனித்துச் சொன்ன விஷயம் இது. இன்றும் பல வீடுகளில், "எத்தனை தடவ சொன்னாலும் மண்டையில ஏறுதா பாரு" என்கிறோம். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்தை ஒருமுறை, பிறந்ததிலிருந்து பார்க்காதவர் போல உற்றுப் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் 'க்' ஒலிக்கிறது, பிறகு 'எ'. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, 'க' பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே உயிரொலியின் அடையாளம் எழுத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. 'காடு' என்பதில் இருக்கும் துணைக்காலை 'ர' என்று நினைத்துவிட்டால் அது 'கரடு' ஆகிவிடும். 'கௌதாரி' என்று எழுதியிருப்பதை ஒரு பிள்ளை 'கெ-ள-தா-ரி' என்று வாசித்தால் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை எழுத்தில் இருப்பதைத்தானே வாசித்தது? 'கம்பு' என்பதில் வரும் 'ப'வும் 'பல்' என்பதில் வரும் 'ப'வும் காதுக்கு ஒன்றா? சொல்லிப் பாருங்கள். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. பல்லியும் பள்ளியும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. இப்படி 247 எழுத்துகள்.

ஆனாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் கருணை உள்ளது. எழுதியபடிதான் ஏறக்குறைய வாசிக்கிறோம். இப்படிப்பட்ட மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் தப்பில்லாமல் வாசித்துவிடலாம், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். ஒரு பத்தியை நீங்கள் முடிக்கிற நேரத்தில் அது இரண்டு வரி தாண்டியிருக்கும். அதனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் பிழையை மட்டும் எண்ணினால் போதாது, வேகத்தையும் கவனிக்க வேண்டும்.

எழுத்து மனிதன் செய்தது. அதனால் மனிதன் அதை மாற்றவும் செய்தான். ஒரு காலத்தில் ஓலைச்சுவடியில் 'கெ'யும் 'கே'யும் ஒரே மாதிரி எழுதப்பட்டன. வாசிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போட்டுக் குழப்பத்தைத் தீர்த்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1978-இல் தமிழ்நாடு அரசு, பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணை, லை, றா, னா போன்ற எழுத்துகளை எளிமையாக்கியது. தாத்தாவின் பழைய நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'லை'க்கு யானைத் துதிக்கை போல ஒரு சுழி இருக்கும். வாசிப்பவர்களுக்காக எழுத்தையே வளைத்த ஊர் நம்முடையது. மெதுவாக வாசிக்கும் ஒரு பிள்ளைக்காகப் பாடம் நடத்தும் முறையைக் கொஞ்சம் வளைப்பது பெரிய காரியமா?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாசிக்கத் திணறுகிற எல்லாருக்கும் டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளையும் திணறும். ஒரு காதில் சரியாகக் கேட்காத பிள்ளையும் திணறும். அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போனபோது கூடவே போய், மூன்று மாதம் பள்ளியை விட்ட பிள்ளையும் திணறும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து உறைவிடப் பள்ளியில் சேரும் பிள்ளையின் வீட்டுத் தமிழ் வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு. அந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் கொடுத்தால் போதும். ஐந்தாறு வயதில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவதும் பல குழந்தைகள் செய்வதுதான். வலது பக்கம் பார்த்து நின்றாலும் இடது பக்கம் பார்த்து நின்றாலும் ஆடு ஆடுதான் என்றுதானே நம் மூளை பழகியிருக்கிறது! எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை மறக்கச் சொல்கிறோம். அதற்கு நேரம் ஆகும். நல்ல வகுப்பு, நல்ல கண், நல்ல காது எல்லாம் இருந்தும் ஆண்டுக்கணக்கில் எழுத்து பிடிபடவில்லை என்றால்தான் வல்லுநர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாத்திரை கிடையாது, டானிக் கிடையாது. வல்லாரை நல்ல கீரை, சாப்பிடுங்கள். அது டிஸ்லெக்சியாவைப் போக்காது. பலன் தருவது பாடம் நடத்தும் விதம்தான். ஓர் ஒலி, அதற்குரிய எழுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் காதாலும் வாயாலும் கையாலும் பழக வேண்டும். 'ப' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, தட்டில் பரப்பிய மணலில் விரலால் 'ப' எழுத வேண்டும். அது நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்த எழுத்து. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் 1930-களில் இந்த முறைக்கு வழிகாட்டினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் அரிச்சுவடி படித்தார்கள் என்பதை உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்படி முறையாகச் சொல்லிக்கொடுத்த பிறகு மீண்டும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, முன்பு மங்கலாக இருந்த இடது பக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். பாடம் மூளையின் வேலையையே மாற்றுகிறது!

பத்திரிகைகளில் ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்சியா என்று அடிக்கடி எழுதுவார்கள். அதற்குச் சான்று இல்லை. இறந்தவர்களுக்குச் சோதனை நடத்த முடியாது என்பதால் அப்படிப்பட்ட பெரியவர்களின் பட்டியலை நான் தரப் போவதில்லை. தானே சொன்ன ஒருவரைச் சொல்கிறேன். கரோல் கிரைடர், அமெரிக்க உயிரியலாளர். சிறுவயதில் எழுத்துக்கூட்ட வராமல், தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டு, 'நான் முட்டாள்' என்றே நினைத்துக்கொண்டவர். ஒலியைக் கூட்டி எழுத வராததால் சொற்களை அப்படியே மனப்பாடம் செய்து சமாளித்தார். நம் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் நொதியைக் கண்டுபிடித்ததற்காக 2009-இல் மருத்துவ நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

வாசிப்பு ஒன்றில் மட்டும்தான் மூளைகள் வேறுபடும் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல், கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்திவிட்டு, பென்சிலைத் தினமும் தொலைக்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. சிலருக்கு அது வெறும் குறும்பு. சிலருக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு நிலை. 2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளின் மூளைப் புறணி எப்படித் தடிமனாகிறது என்று அளந்தார்கள். மற்றவர்களுக்குச் சுமார் ஏழரை வயதில் வரும் கட்டம் இவர்களுக்குச் சுமார் பத்தரை வயதில் வந்தது. அதே வரிசையில்தான் வளர்கிறது, மூன்று ஆண்டு தாமதமாக. இப்படிப்பட்ட நண்பனுக்குப் பத்துக் கணக்கை மொத்தமாகக் கொடுப்பதைவிட மூன்று மூன்றாகக் கொடுக்கலாம். நடுவில் தண்ணீர்க் குடத்தை எடுத்து வரச் சொல்லலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு விதம். உலக அளவில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அவர்களில் சிலருக்குக் காது, கண், தோல் எல்லாம் நம்மைவிடக் கூர்மையாக உணரும். திருவிழாவில் பம்பை அடிக்கும்போது நீங்கள் ஆடுவீர்கள். உங்கள் சித்தப்பா மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அவனுக்கு அந்த ஒலி உண்மையாகவே வலிக்கிறது. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆட்டிசம் உள்ளவர், 1947-இல் பிறந்தார். ஏறக்குறைய நான்கு வயது வரை பேச்சு வரவில்லை. பள்ளி மணி அடித்தால் காது அப்படி வலிக்குமாம். பின்னாளில் கால்நடை விஞ்ஞானி ஆனார்.

மாட்டுக் கூடத்தில் மாடுகள் குறிப்பிட்ட இடம் வந்ததும் மிரண்டு நிற்கும். வேலையாட்கள் அடித்து விரட்டுவார்கள். கிராண்டின் என்ன செய்தார் தெரியுமா? மாடு போகும் வழியிலேயே, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து தானே நடந்து பார்த்தார். தொங்கி ஆடும் ஒரு சங்கிலி, தரையில் விழும் நிழல், தண்ணீரில் பளிச்சிடும் வெளிச்சம், இவைதான் மாடுகளை நிறுத்தின. சங்கிலியை எடுத்ததும் மாடு தானாக நடந்தது. மாடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சின்னச் சின்ன மாற்றங்கள்கூடச் சட்டென்று உறுத்துகிற மனம் அவருக்கு. அதனால்தான் மற்றவர்கள் பார்க்காததை அவர் பார்த்தார்.

எல்லா ஆட்டிசப் பிள்ளைகளும் கிராண்டின் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் கடைசி வரை பேசாமலே இருக்கலாம். சாப்பிடவும் உடுத்தவும் உதவி வேண்டியிருக்கலாம். அவர்களும் நம் தெருப் பிள்ளைகள்தான். ஊஞ்சலில் அவர்களுக்கும் முறை உண்டு. 2013-இல் வந்த 'ஹரிதாஸ்' என்ற தமிழ்ப் படத்தில் அப்படி ஒரு பையனும் அவன் அப்பாவும் வருகிறார்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

இனி, வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை. இந்தப் பக்கத்தை அவர்களிடமே காட்டிவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் உள்ள வட்டார வள மையத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள், மருத்துவ முகாமும் நடக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டால் தேதி சொல்வார். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது, சோதனைக்கு எங்கே போவது என்று அங்கே விசாரிக்கலாம். டிஸ்லெக்சியா இருப்பதாக மருத்துவச் சான்று பெற்று முன்கூட்டியே விண்ணப்பித்தால், அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடுவதைவிட மூன்றாம் வகுப்பிலேயே கவனித்தால் பிள்ளைக்கு ஏழு ஆண்டுகள் மிச்சம்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. வகுப்பில் ஒருவர் எழுந்து நின்று வாசிக்கத் திணறும்போது முன்பெஞ்சிலிருந்து சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், சிரிக்காதீர்கள், காத்திருங்கள். 'மக்கு' என்ற சொல்லை உங்கள் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சமூக அறிவியல் பாடத்தை நீங்கள் எப்படியும் ஒருமுறை வாசிக்கத்தான் போகிறீர்கள், அந்த நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அவன் காதால் கேட்டுப் படித்துக்கொள்வான். பதிலுக்கு அவனிடம் கணக்கோ, ஓணானின் பழக்கமோ, பம்புசெட் ஏன் ஓடவில்லை என்பதோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களே, இந்தக் கட்டுரையைத் தாண்ட மற்றவர்களைவிட மிகவும் பாடுபட்டிருந்தால், இன்றைக்கே உங்கள் டீச்சரிடமோ அம்மாவிடமோ போய் அதை அப்படியே சொல்லுங்கள்.